ராஜா தாண்டாத ஆட்டம்

சிரஞ்சீவி என்று ஆரம்பித்து ஆசீர்வாதம் என்று முடிக்க வேண்டிய கடிதம் இது. இரண்டும் இன்றைக்கு என் பேனாவுக்கு வரவில்லை. உறையில் போட்டு ஒட்டவும் போவதில்லை. ஜட்காக்காரன் கையில் மடித்துக் கொடுத்தனுப்புவேன். மயிலாப்பூரிலிருந்து மாம்பலம் வந்து சேருவதற்குள் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். இதற்கு இன்னொரு பிரதியும் உண்டு. அது யாருக்கு என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நீ எதையும் வாசலில் நின்றபடியே மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஜேபியில் செருகிக்கொள்கிற ஆள். உட்கார்ந்து படி.

கல்கத்தாவுக்கு மாற்றல் ஆகிவிட்டது, வெள்ளிக்கிழமை மெயிலில் புறப்பாடு, சரசுவை அங்கே அனுப்புகிறேன், தயார் பண்ணித் திருப்பி அனுப்பு என்று எழுதியிருந்தாய். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் முறுக்கு சுற்றி டப்பாவில் போட்டு அனுப்பியிருப்பேன். "அவளுக்கு ஞாபகப் பிசகு ஜாஸ்தியாகிவிட்டது, நீ பக்கத்திலிருந்து மூட்டை கட்டிக் கொடு" என்று ஒரு வரி சேர்த்திருந்தாய் பார், அந்த வரிக்குத்தான் இந்தப் பதில். உன் கடிதம் வந்த மறுநாளே உன் பெண்டாட்டி சரசு ஜட்காவில் வந்து இறங்கினாள். வண்டிக்காரன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னாம்மா இது, மாம்பலத்தாண்ட ஏறினதிலேர்ந்து இந்தப் பொண்ணு ஒரே கேள்விய கேட்டுகினே வருது. மயிலாப்பூருன்னு சொன்னேன்ல, சொன்னேன்லன்னு. சொன்னே தாயின்னு எத்தினி தபா சொல்றது?" என்றான். அவள் கையைக் காலை அலம்பிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்து கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "அம்மா, நேக்குக் கல்யாணம் ஆகி எத்தனை மாசம் ஆறது?" பதினொன்று என்றேன். "நானும் பதினொண்ணுன்னுதான் எண்ணினேன். ஆனா நான் தப்பா நினைச்சிண்டிருப்பேனோன்னு பயமா இருந்தது" என்றாள். இருபது வயசுகூட ஆகாத பெண்.

மெல்ல மெல்லக் கேட்டேன். அவள் தம்பியின் பூணூலுக்குத் திருச்சிக்கு அழைத்துப் போகிறேன் என்று நீ சொல்லியிருக்கிறாய். முதல் நாள் அவள் புடவை மடித்து வைத்தபோது, எப்போது சொன்னேன், கனவு கண்டாயா என்று கேட்டிருக்கிறாய். பீரோ சாவியை மாடத்தில் வைத்தவள் அவள். எடுத்து உன் சட்டையில் போட்டுக்கொண்டு நாள் பூராவும் அவளைத் தேடவிட்டவன் நீ. மோரில் உப்பு போட்டிருந்தாள், போடவில்லை என்றாய். அவள் மறுபடி போட்டாள். வாயில் வைத்துவிட்டுத் துப்பினாய். ஒரு தரம்கூட நீ குரலை உயர்த்தவில்லையாம். அதைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அவர் கோவிச்சுக்கவே இல்லைம்மா. ரொம்பப் பொறுமையாத்தான் சொன்னார். நான்தான் தப்பா நினைச்சிண்டிருப்பேன்." இந்த வார்த்தையை இதே கூடத்தில் இன்னொரு வாயிலிருந்து இரண்டு வருஷம் கேட்டவள் நான். அந்த வாய் உன் அப்பாவுடையது. அவருக்கு என்ன செய்தேன் என்பதை எழுதாமல் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. எழுதினாலும் யோக்கியதை வந்துவிடாது, அது வேறு விஷயம்.

உன் அப்பாவின் கண் போனபோது உனக்கு ஏழு வயசு. ஒன்று மங்கி, ஆறு மாசத்தில் மற்றதும் மங்கி, கண் டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆபீஸ் போயிற்று, பேப்பர் படிப்பது போயிற்று. சதுரங்கம் மட்டும் போகவில்லை. அதற்குக் கண் எதற்கு என்றார். தினம் மூன்று மணிக்கு அடுத்த தெருவிலிருந்து முன்சீப் மாமா வந்துவிடுவார். முப்பது வருஷம் கோர்ட்டில் உட்கார்ந்து சாட்சி கேட்டு ரிடையரானவர், வேட்டியெல்லாம் பொடி வாசனை, உனக்கு மறந்திருக்காது. உன் அப்பா ஊஞ்சலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, யானையை நாலாம் வீட்டில் வை, குதிரையை மந்திரிக்கு முன்னால் வை என்று சொல்வார். கட்டையை எடுத்து வைக்கிற கை என்னுடையது. மாமா எதை நகர்த்தினார் என்று அவருக்கு எடுத்துச் சொல்கிற வாயும் என்னுடையது. இரண்டு கைக்கும் ஒரு வாய்க்கும் பெயர், ஊர் ஒன்றும் கிடையாது. தவறி ஒரு கட்டம் தள்ளி வைத்துவிட்டால் மண்டு என்பார். மாமாவுக்குக் காப்பி ஆறிவிட்டால் அதற்கும் நான்தான் மண்டு.

எல்லோரும் அவருடைய ஞாபகசக்தியை அப்படிப் புகழ்வார்கள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். கறிவேப்பிலை, வெல்லம், விளக்குத் திரி என்று மூன்று சாமான் சொல்லியனுப்பினால் இரண்டோடு வருகிற மனுஷன் அவர். ஆனால் கண் இருந்த காலத்தில் ஒரு தரம் மாமாவின் அங்கவஸ்திரம் பட்டுப் பலகையே கவிழ்ந்தபோது, பேசிக்கொண்டே இருபத்துச் சொச்சம் கட்டையையும் அதனதன் வீட்டில் திருப்பி வைத்தார். எனக்கு அது ஒரு மாதிரி உறுத்தியது. இன்னொரு நாள் அவர் குளித்துவிட்டு வந்தபோது, கட்டைகளை என் இஷ்டத்துக்குப் பலகையில் இறைத்து, பத்து எண்ணுகிற நேரம் காட்டி, துண்டால் மூடிவிட்டு, சொல்லுங்கோ பார்க்கலாம் என்றேன். ஆறு சொன்னார். ஏழாவது தப்பு. எனக்கே ஐந்து வந்தது. அவருக்கு மூக்குச் சிவந்துவிட்டது. "இது ஆட்டமா? குப்பை. யார் யாரைப் பார்த்துண்டிருக்கான்னே இதுல தெரியலை" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. நான் பார்ப்பது மரக்கட்டை. அவர் கட்டையைப் பார்ப்பதே இல்லை. ஒரு முகத்தைப் பார்த்தால் நாம் மூக்கு தனி, காது தனி என்று எண்ணுவதில்லை அல்லவா, அப்படி அவருக்கு நாலைந்து கட்டை சேர்ந்து ஒரு முகம். இருபத்தைந்து வருஷம் ஆடி ஆடி மூளை அப்படிப் பழகிப் போயிருந்தது. கண் போன பிறகும் அது போகாததற்குக் காரணம், அது கண்ணில் இருக்கவில்லை என்பதுதான். ஒரு நகர்த்தல் அடுத்ததைப் பிடித்துக்கொண்டிருக்கும், அது அதற்கடுத்ததை. ஒன்றைத் தொட்டால் மொத்த ஆட்டமும் கூடவே எழுந்து வரும். அவர் யோசிக்கும்போது மூடின இமைக்குள் கண்விழி இங்கும் அங்கும் ஓடும், நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது, அது யாருக்கும் தெரியாது. மூன்று வருஷம் தினம் தினம் நகர்த்தி நகர்த்தி எனக்கும் அது தொற்றிக்கொண்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கொல்லைக் கூடையில் கிடக்கிற முருங்கைக்காயில் எது முற்றல் என்று தொடாமலே தெரியும் பார், அந்த மாதிரி, பலகையில் ஏதோ ஓர் இடம் சரியில்லை என்று முதலில் தெரியும். ஏன் என்பது பிறகுதான் தெரியும். வாயைத் திறக்காமல் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் திறந்தேன். யானையை மூன்று வீடு முன்னால் வை என்றார். என் கை நின்றுவிட்டது. "அங்கே வெச்சா மாமாவோட குதிரை வந்து யானையையும் மந்திரியையும் சேர்த்துப் பிடிச்சுக்குமோன்னு தோணறது" என்றேன். ஊஞ்சல் நின்றது. "முன்சீப், கேட்டீரா? எங்காத்து ஆட்டுக்கல் சதுரங்கம் பேசறது" என்றார். மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். சொன்ன இடத்தில் வைத்தேன். குதிரை வந்தது. யானை போயிற்று. பிறகு உன் அப்பா மிக நிதானமாகச் சொன்னார்: "நான் ரெண்டு வீடுன்னேன். நீ மூணு வீடு தள்ளி வெச்சுட்டே." மூணுன்னுதானே சொன்னேள் என்றேன். "இவளுக்கு எண்ணத் தெரியாது ஓய். உப்பு போட்டோமா இல்லையான்னே இவளுக்கு ஞாபகம் இருக்காது." மாமா என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பொடி மட்டையை எடுத்தார். உன் அப்பா மறந்துவிட்டுச் சொல்லவில்லை. ஆட்டத்தில் மறக்கிற தலை இல்லை அது. அவர் பொய் சொன்னார், அந்தப் பொய் செல்லும் என்பதும் அவருக்குத் தெரியும். என் ஞாபகத்தை யார் சாட்சிக்குக் கூப்பிடப் போகிறார்கள்?

நம் ஊர் ஆட்டத்தில் ராஜாவுக்கு ஒரு சலுகை உண்டு. ஒரு ஆட்டத்தில் ஒரே ஒரு தரம் ராஜா குதிரை மாதிரித் தாண்டலாம். ஆனால் அதற்கு முன்னால் அவர் ஒரு தரம்கூடச் செக் வாங்கியிருக்கக் கூடாது. வாங்கிவிட்டால் அந்தத் தாண்டல் போயிற்று. செக் வாங்கினாரா இல்லையா என்பதற்குப் பலகையில் ஒரு அடையாளமும் இருக்காது. ஆடுகிறவர்கள் ஞாபகத்தில் மட்டும்தான் அது இருக்கிறது. அன்றைக்கு யானையை இழந்த பிறகும் உன் அப்பா விடவில்லை. அரைமணி கழித்து, மாமா நாலு பக்கமும் வளைத்துக்கொண்டபோது சிரித்தார். தாண்டினால் ராஜா தப்பும், மாமாவின் மந்திரி வசமாக மாட்டும். எனக்கும் அது தெரிந்தது. "என் ராஜாவைத் தாண்ட வை" என்றார். நான் அவர் பேசின அதே நிதானத்தோடு, "தாண்ட முடியாதுன்னா. அப்பவே செக் வாங்கியாச்சே. அதுக்குத்தானே சிப்பாயை முன்னால வெச்சு மறைக்கச் சொன்னேள்?" என்றேன்.

செக் வரவே இல்லை. சிப்பாயை நகர்த்தினது வேறு காரணத்துக்கு. "என்ன உளர்றே? முன்சீப், நீர் செக் சொன்னீரா?" என்றார். மாமாவுக்கு அது தோற்கிற ஆட்டம். "சொன்னாப்பலதான் இருக்கு ஓய்" என்றார். உன் அப்பா அதற்கும் மசியவில்லை. தூண் ஓரத்தில் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த உன்னைக் கூப்பிட்டார். "டேய், நீ பார்த்துண்டுதானே இருந்தே? அப்பா ராஜாவுக்குச் செக் வந்துதா?" உனக்குப் பத்து வயசு. நான் உன்னைப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியும். நீ சொன்னாய்: "ஆமாம்ப்பா, வந்துது." என்னை நம்பமாட்டார், முன்சீப்பையும் சந்தேகப்படுவார். உன்னை நம்பினார். அவர் கை ஊஞ்சல் சங்கிலியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. "நான் தப்பா நினைச்சிண்டிருப்பேன்" என்று அன்றைக்குத்தான் முதல் தரம் சொன்னார்.

வேறு ஒருவராக இருந்தால் போனால் போகிறது என்று காப்பி குடித்துவிட்டு மறந்திருப்பார். உன் அப்பாவுக்கு அது முடியவில்லை. அந்த ஆட்டத்தை முதலிலிருந்து மனசுக்குள் ஆடிப் பார்ப்பார், உதடு அசையும், அந்தச் சிப்பாய் வரைக்கும் வருவார், அங்கே செக் இருக்காது. மாமாவின் மந்திரி அந்த வரிசையிலேயே இல்லை. மறுபடி முதலிலிருந்து. ஒரு வாரம் சோறு வாயில் இருக்கும்போதும் அதே வேலை. நடக்காத செக்கை எந்த இடத்தில் செருகுவார் பாவம்? செருக முடியாததால், தலைதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டார். ஒரு கட்டத்தில் விரிசல் என்றதும் மற்றக் கட்டங்களையும் அவர் நம்பவில்லை. ஆட்டத்தை விட்டார். இன்றைக்கு வெள்ளிக்கிழமைதானே என்று கேட்க ஆரம்பித்தார். சாப்பிட்டேனா என்று கேட்டார். கொல்லைப்பக்கம் எந்தத் திசை என்று கேட்டார், பதினெட்டு வருஷம் குடியிருந்த வீட்டில். முன்சீப் மாமா வருவதை நிறுத்திக்கொண்டார். அந்த மனுஷனுக்கும் கொஞ்சம் கூச்சம் இருந்திருக்கிறது.

நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. எதற்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் என்கிற புருஷன் எனக்குப் பிடித்திருந்தது. ஒன்றரை வருஷம் இப்படிப் போன பிறகு ஒரு சாயங்காலம் காற்றாட அடையாற்றுக் கரைக்கு வண்டியில் அழைத்துப் போனேன். தண்ணீர் சத்தம் கேட்டும், ஆறு எந்தப் பக்கம் என்றார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நிஜமாவே செக் வந்துதா? வரலைன்னா சொல்லிடு. நான் கோச்சுக்கமாட்டேன். நேக்கு சரியாயிடும்" என்றார். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "வந்துதுன்னா" என்றேன். சரியாகிவிட்டால் மறுநாள் மூன்று மணிக்கு நான் மறுபடி ஆட்டுக்கல். அதுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதையும் நீ தேடாதே. அதற்கு நாலாவது மாசம் ஜுரத்தில் போனார். போகிற அன்றைக்கும் தன் பெயர் சரிதானா என்று என்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனார்.

பத்து வயசுப் பிள்ளைக்கு அந்தப் பாடத்தை நான்தான் படிப்பித்தேன். ஒருத்தர் தலையில் இருப்பதைத் தொடாமலே உடைக்கலாம், குரலை உயர்த்த வேண்டாம், கூட இருப்பவர் தலையை ஆட்டினால் போதும். நீ கெட்டிக்காரன். நாங்கள் மூன்று பேர் கூடிச் செய்ததை நீ ஒருத்தனாகவே செய்கிறாய். உனக்கு அவள் என்ன கெடுதல் செய்தாள் என்றும் யோசித்துப் பார்த்தேன். எனக்காவது ஒரு ஆட்டுக்கல் இருந்தது. உனக்கு ஒன்றுமே இல்லை. அவள் உன்னைவிடத் தெளிவாக எதையும் ஞாபகம் வைத்திருக்கிறாள், உன்னால் அது பொறுக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது கல்கத்தா. பாஷை தெரியாது, பக்கத்து வீட்டில் பேச ஆள் கிடையாது, நீ என்ன சொன்னாய் என்பதற்கு நீ ஒருத்தன்தான் சாட்சி. ஆறு மாசம் போதும், தன் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலைமைக்கு அவளைக் கொண்டுவந்துவிடுவாய்.

இதையெல்லாம் நேற்று அவளிடம் சொன்னேன். உன் புத்தியில் ஒரு கோளாறும் இல்லை, அவன் செய்வது இன்னது, அது எனக்கு எப்படித் தெரியும் என்றால் நானே செய்திருக்கிறேன் என்று சொன்னேன். அழுவாள், என் மடியில் சாய்வாள் என்று அசட்டுத்தனமாக எதிர்பார்த்தேன். அவள் எட்ட நகர்ந்து உட்கார்ந்தாள். "அவர் அப்பாட்ட கடைசி வரைக்கும் சொல்லலையா?" என்றாள். இல்லை என்றேன். பிறகு, "வாயால சொன்னா நாளைக்கு நீங்களும் சொல்லலைம்பேள். எழுதித் தருவேளா?" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம். இதன் இன்னொரு பிரதி அவள் அப்பாவுக்கு. வியாழக்கிழமை காலை திருச்சியிலிருந்து வருகிறார். தந்தி கொடுத்தாயிற்று.

கடைசியாக ஒன்று எழுத வேண்டியிருந்தது. போன மாசம் நீங்கள் இரண்டு பேரும் இங்கே சாப்பிட வந்தபோது, அவள் எதிரிலேயே என்னிடம், இவளுக்கு ஞாபகம் சரியில்லைம்மா, வைத்தியர் யாராவது தெரியுமா என்று கேட்டாய். நானும் தலையை ஆட்டினேன். அதுவும் என் கணக்கில்தான் சேரும். அது ஒரு புதன்கிழமை என்று எழுதி, காகிதத்தை அவளிடம் கொடுத்தேன். சரசு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாக, விரல் வைத்துப் படித்தாள். இந்த இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. "புதன் இல்லைம்மா. செவ்வாய்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. என் ஞாபகத்தை யாரும் திருத்தி எனக்குப் பழக்கமில்லை. புதன்தான், நீ தப்பா நினைச்சிண்டிருக்கே என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவள் ஒப்புக்கொண்டிருப்பாள், அதுவும் எனக்குத் தெரியும். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். யோசித்துப் பார்த்தேன். நான் ஒருபொழுது இருப்பது செவ்வாய்க்கிழமைகளில்; அன்றைக்கும் இருந்தேன், உங்களுக்குப் பரிமாறிவிட்டுப் பலகாரம் சாப்பிட்டேன். செவ்வாய்தான்.

பேனாவை அவளிடம் கொடுத்தேன். அவளே அடித்துத் திருத்தினாள். மேலே நான் புதன் என்று எழுதின இடத்தைப் பார், வேறு கையெழுத்தில் இருக்கும். வெள்ளிக்கிழமை ரயிலில் நீ மட்டும் ஏறு.